பாதி வண்டி

உள்ள சத்தம் போட்டது நாந்தானுங்க அம்மிணி. நீங்க பதறிப்போயி எந்திரிச்சதப் பாத்தேன். உக்காருங்க, உக்காருங்க. நான் ஆஸ்பத்திரியில கத்துற ஆளு இல்லீங்க. நர்சம்மா வந்து, "ஏனுங்க, பதிலுக்கு ஒரு வார்த்த பேச முடியாத மனுசங்கிட்டயா இந்தக் கத்துக் கத்துவீங்க? வெளிய இருங்க"ன்னு தாட்டி விட்டுட்டாங்க. அவங்க சொல்றதும் நாயந்தான். கட்டில்ல படுத்திருக்கறவனப் பாத்தா எல்லாருக்கும் பாவமாத்தான் இருக்கும். நின்னுட்டுக் கத்துறவனுக்கு ஆரு பாவம் பாக்கறாங்க?

அது எங்கண்ணனுங்க. சென்னியப்பன்னு பேரு. எம்பேரு குழந்தைவேலு. ரெண்டு வயசுதான் வித்தியாசம், அதனால சின்னதுலருந்து அவன் இவன்னுதான் பேசிக்குவோம். அதுல மரியாதைக் கொறச்சல் ஒண்ணும் இல்லீங்க. பேசிக்குவோம்னா, பேசிட்டிருந்த காலத்துல. எங்களுக்குள்ள பேச்சு நின்னுபோயி வருசக்கணக்காச்சு. இப்பப் பேசலாம்னு வந்தா அவன் கொரல்வளைய எடுத்துட்டாங்க. பீடி சிகரெட்டுன்னு கையில தொட்டவன் இல்லீங்க. அவனுக்குப் போயி தொண்டையில புத்துநோய் வந்துச்சு பாருங்க.

சண்டை எதுக்குன்னு கேப்பீங்க. காட்டுக்கு இல்ல, ஊட்டுக்கு இல்ல. ஒரு வண்டிக்கு.

எங்கய்யன், அதான் எங்கப்பா, ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் வெச்சிருந்தாருங்க. சொதந்திரம் வந்த புதுசுல சீமையிலருந்து கப்பல்ல வந்த வண்டி. வால்பாறையில ஒரு எஸ்டேட்டுக்காரர்கிட்ட வாங்குனது. அய்யன் கண்ண மூடுன வருசமே நாங்க பாகம் பிரிச்சோம். காடு, கெணறு, களம் எல்லாம் சிரிச்ச மொகமாப் பிரிஞ்சுது. கெணத்துத் தண்ணி மொறையக் கூட ஒரு வாய் காப்பி ஆறறதுக்குள்ள பேசி முடிச்சுட்டோம். ஊர்ல எல்லாரும், அண்ணந்தம்பின்னா இப்படி இருக்கோணும்னாங்க. கடைசியா வண்டி மட்டும் வாசல்ல நின்னுது.

எனக்கு வேணும்னேன். எனக்கு வேணும்னான். "நீ கோயமுத்தூர்ல பம்புக் கம்பெனி சூப்பர்வைசரு, உனக்கெதுக்குடா இது"ங்கறான். "நீ மாட்டுக்குச் சோளத்தட்டு ஏத்திட்டுப் போறவன், உனக்கெதுக்கு இது"ங்கறேன் நான். பேச்சு தடிச்சுப்போச்சு. பஞ்சாயத்துப் பேச வந்திருந்த எங்க மாமன் தலையச் சொறிஞ்சுட்டு ஒண்ணு சொன்னாரு. "இப்படிப் பண்ணுங்க. எஞ்சின் ஒருத்தனுக்கு. மிச்ச வண்டி இன்னொருத்தனுக்கு. ஒருத்தன உட்டு ஒருத்தன் ஓட்ட முடியாதல்லோ? ஓட்டோணும்னு ஆச வந்தா தானா ஒண்ணு சேந்துக்குவீங்க."

நாங்க ரெண்டு பேரும் ஒரே மூச்சுல சரின்னுட்டோம். மாமனுக்கே தூக்கிவாரிப் போட்டுது. "டேய், நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்டா"ங்கறாரு. ஆரு கேக்கறா? அண்ணன் உள்ள போயி ஸ்பேனரு எடுத்துட்டு வந்துட்டான்.

எனக்கு எஞ்சின், அவனுக்கு மிச்சம்னு ஆச்சு. அதோட முடிஞ்சிருக்கும். ஆனா இந்த வண்டியில ஒரு சங்கடம் இருக்குதுங்க. இப்பத்து வண்டி மாதிரி இல்ல, கியர்பாக்ஸ் எஞ்சினோட ஒட்டாம தனியா நிக்கும். அது எஞ்சினுல சேத்தியா, வண்டியில சேத்தியா? பொழுது எறங்கற வரைக்கும் அதுக்குச் சண்டை. கெளப்பறதுக்கு ஒதைக்கிற பெடலு அந்தக் கியர்பாக்ஸ்லதான் இருக்குது. "இது வண்டிச் சட்டத்துல மாட்டியிருக்குது, அதனால எனக்கு"ன்னு அவன் எடுத்துக்கிட்டான். எஞ்சினக் குடுத்துட்டு அத ஒதைக்கற காலப் புடுங்கிக்கிட்டான்னா எப்படி இருக்கும்? அன்னிக்கு நின்னதுதான் பேச்சு.

ஆனா தீர்ப்பு நல்ல தீர்ப்புன்னுதான் நான் இன்னிக்கும் சொல்வேன். கியர்பாக்ஸ் ஒண்ணத் தவிர ரெண்டு பங்கும் சமந்தானுங்களே.

அப்பறம் நல்லது கெட்டதுல பாப்போம். இவன் பந்தியில இந்தக் கோடி, நான் அந்தக் கோடி. பொம்பளைங்க மட்டும் பேசிக்குவாங்க. எம்பட சம்சாரம் துளசிமணிக்கும், எங்க நங்கையாவுக்கும், அதான் அண்ணன் சம்சாரம், வாரம் தவறாம போன் உண்டு. நான் பக்கத்துல பேப்பர் படிச்சுட்டு இருப்பேன். காதுல உழுகறது உழுகட்டும், நான் கேட்டுக்கறதில்ல.

இந்த ஆடி மாசந்தானுங்க, துளசிமணி போன வெச்சுட்டு அழுதுட்டே வந்தா. அண்ணனுக்குத் தொண்டையில கட்டி, டாக்டரு கொரல்வளைய எடுத்தாத்தான் உசுரு நிக்கும்ங்கறாரு, அதுக்கப்பறம் பேச்சு வராதுங்கறாரு, இப்பவே போயிப் பாத்துட்டு வந்துருங்கன்னா.

பேப்பர மடிச்சுக் கீழ வெச்சுட்டேன். அவன் குரலு அப்படிங்க. தோட்டத்துல நின்னு கூப்பிட்டான்னா நாலு காடு தள்ளி எனக்குக் கேக்கும். அது இல்லாமப் போகும்னா நம்ப முடியல.

உடனே ஏன் போகலன்னு கேக்கறீங்க. உங்க மொகத்துலயே எழுதியிருக்குது. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. அம்மிணி, சும்மா கையை வீசிட்டுப் போயி நின்னா அவன் என்ன நெனப்பான்? நோவுன்னு கேட்டு எரக்கப்பட்டு வந்துட்டான்னு நெனப்பான். அவனுக்கு எரக்கம் புடிக்காது. எனக்குத் தெரியும் அவன. அதனால நான் ஒரு முடிவு பண்ணினேன். அந்த எஞ்சினப் பிரிச்சு, சரி பண்ணி, ஓட வெச்சு, அந்தச் சத்தத்த அவன் காதுல கேக்க வெச்சுட்டு, அதுக்கப்பறம் பேசறது. ஆபரேசனுக்கு முந்தி. அவன் குரலு இருக்கறப்பவே. அய்யன் வண்டிச் சத்தம் கேட்டா அவனால பேசாம இருக்க முடியுங்களா? நீங்களே சொல்லுங்க, இது மொறையான காரியமா இல்லையா?

பரண் மேல சாக்குல கட்டிக் கெடந்துது. நானும் துளசிமணியும் அத எறக்கறதுக்குள்ள இடுப்பே போச்சு. எங்க ஊடு கோயமுத்தூர் கணபதியில, சின்ன ஊடு. சாப்பாட்டு மேசைய விட்டா வேற எடம் இல்ல. மேசைய எஞ்சினுக்குக் குடுத்துட்டு நாங்க கீழ உக்காந்து உண்டோம். அவளே பாய் விரிச்சுக் குடுத்தா. நல்ல பொம்பள.

கை வெச்சதும் தெரிஞ்சுபோச்சு. பிஸ்டன் சிலிண்டருக்குள்ள துரு புடிச்சு இறுகிக் கெடக்குது. டீசல ஊத்தி ஊற வெச்சு, காலையில எந்திரிச்சதும் மரக்கட்டைய வெச்சு ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு. அசைய மாட்டீங்குது. பலமா அடிச்சா ஒடஞ்சுபோகும். துளசிமணி பின்னால வந்து நிப்பா. "அண்ணனுக்குக் குரலு நெம்பக் கம்மிப்போச்சாமா. ராத்திரியெல்லாம் இருமறாங்களாமா." நான், "இரு, இன்னிக்கு அசையும் பாரு"ம்பேன். அவ போயிருவா.

ஒரு நாளு அசைஞ்சுது. நூலளவு. துளசின்னு கத்தினேன், ஓடியாந்தா. அண்ணனுக்கு என்னமோ ஆச்சுன்னு போன் வந்ததா நெனச்சுக்கிட்டா போல. பிஸ்டன்னதும் சுவத்தப் புடிச்சுட்டு நின்னுட்டா.

அதுக்கப்பறம் பேரிங்கு. எஞ்சினோட அலுமினியக் கூட்டச் சூடு பண்ணினாத்தான் பேரிங்கு கழண்டு வரும். கம்பெனியா இருந்தா அதுக்குன்னு அடுப்பு இருக்கும். ஊட்டுல என்ன இருக்குது? அவ தோசைக்கல்ல கேஸ் அடுப்புல வெச்சு, அதுமேல அந்தக் கூட்ட வெச்சேன். ஊடெல்லாம் பழைய ஆயில் கருகுன நாத்தம். அவ மூஞ்சியத் துண்டால மூடிட்டு வாசல்ல போயி உக்காந்துக்கிட்டா. பேரிங்கு டக்குன்னு உழுந்துது. அப்பறம் அந்தக் கல்லுல தோச எழும்பவே மாட்டீங்குது. அதுக்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.

அங்க அண்ணன் என்ன பண்றான்னா, ஆபரேசன் நாளத் தள்ளிட்டே இருக்கான். டாக்டரு ஒரு நாளு குறிச்சுக் குடுத்தாரு. இல்ல, சோளம் அறுப்பு இருக்குதுன்னான். அடுத்தது குறிச்சாரு. இல்ல, பசுமாடு கன்னு போடப் போவுதுன்னான். நங்கையா அழுகறாங்க, டாக்டரு திட்டறாரு, இவன் கையெழுத்துப் போட மாட்டீங்கறான். நான் துளசிமணிகிட்டச் சொன்னேன், "பயந்தாங்கொள்ளி. சின்ன வயசுல ஊசி போட வந்தா கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்குவான். அதே புத்தி"ன்னு. ஆனா ஒண்ணு, அவன் தள்ளத் தள்ள எனக்கு வசதியாத்தான் இருந்துது. இல்லேன்னா எஞ்சின் முடிஞ்சிருக்காது.

நடுவுல நங்கையா மூலமா சொல்லி அனுப்பினான். "வண்டிச் சட்டம், கியர்பாக்ஸ் எல்லாம் மாட்டுக் கொட்டாயில தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்குது. குழந்தைய வந்து எடுத்துக்கச் சொல்லு." என்னக் குழந்தைன்னுதான் கூப்பிடுவான். துளசிமணிக்கு ஒரே சந்தோசம். "பாத்தீங்களா, எறங்கி வந்துட்டாங்க. நாளைக்கே போலாம்"ங்கறா.

எறங்கி வந்ததா இது? யோசிச்சுப் பாருங்க அம்மிணி. குடுக்கறவன் கொண்டாந்து குடுக்கறதுதான மொற? வந்து எடுத்துக்கன்னா என்ன அர்த்தம்? நான் அவன் வாசல்ல போயி கையேந்தி நிக்கோணும். ஒரு டெம்போவுல ஏத்தி அனுப்ப அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுன்னுட்டேன். அவ அப்படியே சொல்லியிருக்க மாட்டா. என்னத்தையோ பூசி மெழுகியிருப்பா.

சிலிண்டர லேத்துல குடுத்துக் கடைஞ்சு வாங்குனேன். பிஸ்டனும் ரிங்கும் டில்லியிலருந்து வந்துது. ரிங்கு மாட்டறப்ப ஒண்ணு ஒடஞ்சுபோச்சு. வளையலு ஒடையற மாதிரி சின்னச் சத்தந்தான். எனக்கு அழுகையே வந்துருச்சு. மறுபடியும் டில்லி, மறுபடியும் காத்துட்டு உக்காரு. வால்வுக்குப் பசை தடவி உள்ளங்கையில வெச்சு உருட்டி உருட்டித் தேச்சேன். நெருப்புப் பொறி குடுக்கற மேக்னெட்டோவுக்குப் புதுசாக் கம்பி சுத்தி வாங்குனேன். ஒவ்வொண்ணும் முடிய முடிய துளசிமணிகிட்டச் சொல்வேன், "அங்க ஏதாச்சும் நாள் குறிச்சாங்களா?" அவ, "இன்னும் தள்ளிட்டுத்தான் இருக்காங்க"ம்பா. "அப்பச் சரி"ம்பேன்.

கடைசியில டாக்டரு, இனியும் தள்ளுனா என்னக் கேக்காதீங்கன்னு சொல்லிட்டாரு. கட்டி மூச்சுக் கொழாய அடைக்க ஆரம்பிச்சுருச்சாமா. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில சேத்தறாங்கன்னு நங்கையா விடியறப்பவே போன் பண்ணினாங்க. எஞ்சின மொத நாளு ராத்திரிதான் முழுசா பூட்டி முடிச்சிருந்தேன்.

போர்ட்டிகோவுல பழைய வெட் கிரைண்டர் ஸ்டேண்டு ஒண்ணு கெடந்துது. அதுல எஞ்சின வெச்சு போல்ட்டு போட்டு முறுக்கினேன். தண்ணி கேன்ல பெட்ரோல ஊத்தி, டியூப்பு மாட்டி ஜன்னல் கம்பியில தொங்க விட்டேன். ஒதைக்கிறதுக்குத்தான் பெடலு இல்லையே, அதான் அவங்கிட்ட இருக்குதே. ஒரு புல்லிய மாட்டி, கயிறச் சுத்தி இழுக்கறதுதான். ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு இல்லீங்க. காலையிலருந்து இழுக்கறேன். கைத் தோலு உரிஞ்சுபோச்சு. துளசிமணி சொன்னா, "உடுங்க. பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரத்துல அவுங்க ஊட்டுல இருக்கலாம். நேர்ல பாத்துப் பேசிட்டு வந்துரலாம்"னு. வாய மூடிட்டு அந்த ஸ்க்ரூட்ரைவர எடுன்னேன்.

உச்சிப்பொழுதுக்குக் கெளம்புச்சுங்க!

அந்தச் சத்தம் இருக்குதே அம்மிணி... அய்யன் வாசல்ல வந்து நிக்கற மாதிரி இருந்துது. பக்கத்து ஊட்டுல எல்லாம் எட்டிப் பாக்கறாங்க. பொகை, அதிர்ச்சி, ஸ்டேண்டே குதிக்குது. நான் ஒரு கையில ஸ்டேண்டப் புடிச்சுக்கிட்டு, ஒரு கையில ஆக்சிலேட்டர் கம்பியப் புடிச்சுக்கிட்டு, "துளசி, போனு! அண்ணனுக்குப் போடு!"ன்னு கத்தினேன். போட்டா. நங்கையா எடுத்தாங்க போல. அண்ணங்கிட்டக் குடுத்துட்டாங்கன்னு கையக் காட்டினா. "பொகை வர்ற ஓட்டைகிட்டப் புடி"ன்னேன். ஒரு காதப் பொத்திட்டுக் குனிஞ்சு புடிச்சா.

நான் கம்பிய இழுத்து வேகத்த ஏத்தறேன், எறக்கறேன். எறக்குனா ஒவ்வொரு வெடியா, தனித்தனியா, அழகா. கேக்கட்டும், நல்லாக் கேக்கட்டும்னு நெனைக்கறேன். என் கண்ணுல தண்ணி வந்துருச்சு. துளசிமணி போனக் காதுல வெச்சுப் பாத்துட்டு, "அவுங்க பேசறாங்க! என்னமோ பேசறாங்க!"ங்கறா. "பேசட்டும், நீ புடி"ன்னேன். மறுபடியும் புடிச்சா. மறுபடியும் காதுல வெச்சுப் பாத்தா. "இன்னும் பேசிட்டே இருக்காங்க. எஞ்சின நிறுத்திட்டுப் பேசுங்க, நிறுத்துங்க!"ன்னு கத்தறா.

எப்படிங்க நிறுத்தறது? காலையிலருந்து இழுத்துக் கை போயிருக்குது. நிறுத்துனா மறுபடி கெளம்பும்னு ஆரு சொன்னா? அது செத்துப் போற சத்தம் அவன் காதுல கேக்கும். பாத்தியா, பாதியில நின்னுபோச்சுன்னு சிரிப்பான். எல்லாம் அவங்கிட்ட அந்தப் பெடலு இருக்கறதுனால வந்தது. அத அன்னிக்கே எனக்குக் குடுத்திருந்தா நான் சட்டுனு நிறுத்திட்டுப் பேசியிருப்பேன், பேசி முடிச்சு ஒரு ஒதை உட்டுருப்பேன். அது மட்டும் இல்ல, எஞ்சின் ஓடறப்பப் பேச வேண்டாம்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா? சித்த பொறுத்திருக்கலாமல்லோ?

வேகத்தக் கொறச்சுட்டு நான் போன வாங்கிக் காதுல வெச்சேன். வெச்சா, காத்து மாதிரி ஒரு கொரலு. அது அவங்குரலுன்னே எனக்கு அடையாளம் தெரியல. "...டேப்பட் அடிக்குது குழந்த. என்னன்னு பாரு." அவ்வளவுதான் கேட்டுது.

இத்தன வருசம் கழிச்சு மொத வார்த்த. டேப்பட் அடிக்குதாம். வால்வத் தள்ளற எடம் லூசா இருந்தா டக்டக்குன்னு ஒரு சத்தம் வரும், அதச் சொல்றான். மூணு மாசமா கை ஒடிஞ்சு, தோசைக்கல்லு போயி, சோறு தண்ணி இல்லாம ஓட வெச்சவங்கிட்டச் சொல்ற வார்த்தையாங்க இது? நல்லா இருக்குதுடான்னு சொன்னா வாயில இருந்து முத்து உதுந்துருமா? போனக் கட் பண்ணிட்டேன். கேன்ல இருந்த பெட்ரோல் தீர்ற வரைக்கும் எஞ்சின ஓட விட்டேன். அவன் மறுபடியும் கூப்பிடல. நானும் கூப்பிடல.

டேப்பட் அடிச்சுதுதான். அப்பறம் மூடியக் கழட்டிப் பாத்தேன், ஒரு பக்கம் லூசு. அது வேற விசயம்.

மறுநாளு அவனக் கொண்டாந்து இங்க சேத்துட்டாங்க, அதுக்கு அடுத்த நாளு ஆபரேசன். நல்லபடியா முடிஞ்சுதுன்னு நங்கையா சொன்னாங்க. அப்பறம் அவங்க இன்னொண்ணு சொன்னாங்க. இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தோம். "தம்பி, நீங்க போன் பண்ணினது கடவுள் செயல். அதுக்குத்தான் அவரு நாளத் தள்ளிட்டே கெடந்தாரு. எந்தம்பிகிட்ட ஒரு வார்த்த பேசாம இந்தக் குரல உட மாட்டேன்னுட்டாரு. நாங்களே உங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறம்னோம். அவனா வந்தாத்தான்னுட்டாரு. அன்னிக்கு உங்க போன் வந்ததும் உள்ள போயித் தாழ் போட்டுக்கிட்டாரு. எவ்வளவு நேரம் பேசினாரு தெரியுமா? வெளிய வந்தப்ப மொகமே மாறிப்போச்சு. சொல்ல வேண்டியதெல்லாம் அவங்கிட்டச் சொல்லிட்டேன், இனி கத்தி வெக்கட்டும்னு அவரே கையெழுத்துப் போட்டாரு. அப்படி என்ன தம்பி சொன்னாரு?"ன்னு கேட்டாங்க.

நான் என்னத்தச் சொல்றது? டேப்பட் அடிக்குதுன்னு சொன்னான்னா சொல்ல முடியும்? பழைய கதைதான் நங்கையான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. துளசிமணிய எழுப்பி எழுப்பிக் கேட்டேன். நீ காதுல வெச்சுப் பாத்தியே, ஒரு வார்த்த கூடவா கேக்கலன்னு. "எஞ்சின் சத்தத்துல எனக்கு என்ன கேக்கும்? கத்திக் கத்திச் சொன்னேன்ல?"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா. தோசைக்கல்லு ஒண்ணத் தவிர ஒரு நாளும் என்ன எதுத்துப் பேசாதவ.

எனக்கு ஒரே வெசனமா இருக்குதுங்க. அவன் என்ன சொல்லியிருப்பான்? திட்டியிருப்பானா? திட்டியிருந்தாலும் தேவல. இல்ல, எதையாச்சும் செய்யச் சொல்லியிருந்தா? புள்ளைக்குக் கல்யாணம், அய்யன் சமாதி, ஏதாச்சும் ஒண்ணு பொறுப்பு ஒப்படைச்சிருந்தா? நான் சரின்னு ஏத்துக்கிட்டேன்னு நெனச்சுட்டுப் படுத்திருக்கானே. அவன் தொண்டையில இருந்து வந்த கடைசிப் பேச்சு பூராவும் எங்கிட்டப் பேசினது. ஒரு சொல்லு எங்கிட்ட இல்ல.

இன்னிக்குத்தான் தைரியம் பண்ணிட்டு உள்ள போனேன். கழுத்துல ஓட்ட, மூக்குல கொழாய், எளச்சுப்போயிக் கெடக்கான். என்னப் பாத்ததும் மொகம் மலந்துது பாருங்க, அப்படி மலந்து நான் பாத்து எத்தன வருசமாச்சு. பசங்க எழுதிப் பழகற சிலேட்டு ஒண்ணு வெச்சிருக்கான். அதுல எழுதிக் காட்டினான், "டேப்பட்?" அப்படின்னு. சரி பண்ணிட்டேன்னேன். தலையாட்டினான். என் கையப் புடிச்சுக்கிட்டான்.

அப்பறந்தான் கேட்டேன். "அண்ணா, அன்னிக்குப் போன்ல நீ என்ன சொன்ன?" அவனுக்குப் புரியல. மறுபடியும் கேட்டேன். சிலேட்ட எடுத்து, "அதான் சொன்னனே"ன்னு எழுதறான். சிரிக்கறான் வேற. "இல்லண்ணா, எஞ்சின் சத்தத்துல எனக்குக் கேக்கல. எழுதிக் குடு"ன்னேன். சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. என்னையே பாத்துட்டு இருக்கான். சிலேட்ட அவங்கிட்ட நீட்டினேன். வாங்கினான். வாங்கிப் பக்கத்துல கவுத்து வெச்சுட்டு, செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

அப்பத்தானுங்க கத்தினேன். "கேக்கலடா! ஒண்ணும் கேக்கல! ஒரு வார்த்த கேக்கல! இப்பச் சொல்லுடா!"ன்னு. அண்ணன்னு கூடச் சொல்லல. உங்களுக்குக் கேட்டிருக்கும், கீழ மருந்துக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். நர்சம்மா ஓடியாந்துட்டாங்க.

இப்பச் சொல்லுங்க. யாரு மேல தப்பு? எழுதிக் குடுத்தா என்ன? கையி நல்லாத்தான இருக்குது? அஞ்சாவது வரைக்கும் படிச்சவன், தப்புந் தவறுமா எழுதட்டுமே, நான் என்ன பரீட்சையா வெக்கறேன்? அந்தப் புடிவாதம்... அதான் எங்க ஊட்டையே கெடுத்துது. நானா இருந்தா எழுதியிருப்பேன். நான் எறங்கிப் போறவன். எப்பவுமே நாந்தான் எறங்கிப் போறது.

அட... நர்சம்மா, அங்க பாருங்க, புடிங்க அவன! எந்திரிச்சு வர்றானே. மருந்து பாட்டலு தொங்கற கம்பியத் தள்ளிட்டுத் தனியா வர்றான் பாருங்க. நங்கையா எங்க போனாங்க? டேய் அண்ணா, மெதுவா. மெதுவாடா. எதுக்கு எந்திரிச்ச? சிலேட்ட அங்கயே போட்டுட்டு வந்துட்டியே. அம்மிணி, சித்த நகந்துக்குங்க, அவன் உக்காரட்டும். இப்படி, இப்படி. மூச்சு வாங்கு மொதல்ல.

என்னண்ணா? நான் கத்தினது தப்புத்தான். சரி உடு. இனிக் கத்தல. நீ என்ன... என்ன, என் வாயப் பொத்தறே? நான் வாயத் தொறக்கக் கூடாதா? சரி. தொறக்கல.

என்னமோ சொல்றான் அம்மிணி. ஒதடு அசையுது பாருங்க. காத்துக் கூட வரல, ஆனா சொல்றான். மொதல்லருந்து சொல்றான். ஆமாண்ணா. ம். இரு, அத இன்னொருக்காச் சொல்லு. மெதுவாச் சொல்லு. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.

ஏனுங்க, அந்த ஃபேன ஆராச்சும் நிறுத்துங்களேன். கதவச் சாத்துங்க. நீங்களும் சித்த பேசாம இருங்க அம்மிணி. எங்கண்ணன் பேசறான்.